எம்மவர் வீடுகளில் ஏன் இல்லை ஒரு கருவிப்பெட்டி?

கொழும்பாயினும் யாழ்ப்பாணமாயினும், சென்னையாயினும் ரொறன்ரோவாயினும், தமிழர் வீடுகளில் தவறாது காணக்கூடிய ஒன்றுண்டு. மேசை லாச்சிக்குள் உறங்கும் பழுதுபட்ட பொருட்களின் குவியலே அது. உயிரிழந்த மடிக்கணனி ஒன்று, மின்னேற மறுக்கும் கையடக்கத் தொலைபேசிகள் இரண்டு, ஒலி வராத வானொலி ஒன்று, எதற்குரியவை என எவருக்கும் தெரியாத மின்கம்பிகள் சில. அவற்றை எறிய மனம் வருவதில்லை. திருத்த வழியும் தெரிவதில்லை. அதே வீட்டில், எம்மூரில் ஸ்குறூ ட்றைவர் என்றும் தமிழகத்தில் திருப்புளி என்றும் வழங்கும் கருவி நல்லதாக ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். குசினிக்குள் போய்ப் பாண் வெட்டும் கத்தியை எடுத்து வருவார்கள்!

நான் பொறியியலாளன் அல்லன், பத்திரிகைக்காரன். ஈய எழுத்துக்களைக் கோத்து அச்சடித்த காலத்திலிருந்து கணனித் திரையில் பக்கம் அமைக்கும் காலம் வரை இத்தொழிலில் இருந்தவன் என்ற வகையில், கருவிகளை நம்பி வாழ்வதென்றால் என்னவென்பதை அறிவேன். அந்த அனுபவத்தில் நின்று ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். கணனியையும் சிறு இலத்திரனியல் பொருட்களையும் திறந்து பார்க்கவும் இயன்றதைத் திருத்தவும் உதவும் கைக்கருவிப் பெட்டி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அதைக் கடையில் ஆயத்தப் பெட்டியாக வாங்காமல், தேவையறிந்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். பணம் மிச்சமாவது இதனால் வரும் இரண்டாவது நன்மையே. எமக்குச் சொந்தமான பொருளின் முன்னால் நாம் கையறு நிலையில் நிற்காதிருப்பதே முதல் நன்மை.

இது எமக்குப் புதிய பாடமன்று. இலங்கையில் ஒலிபரப்பு பிறந்த கதையே ஒரு கருவிப்பெட்டியின் கதைதான். 1920களில் தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேர்ட் ஹார்ப்பரும் அவரது சகாக்களும், போரில் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்புக் கருவியொன்றை உருவாக்கினர் என்பது வரலாறு தரும் செய்தி. கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து இசைத்தட்டுப் பாடல்கள் காற்றில் கலந்தன. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பித்து வைக்கப்பட்டது. பின்னாளில் தமிழகமும் விரும்பிக் கேட்ட இலங்கை வானொலியின் மூலவேர், பழைய பாகங்களைப் பிரித்துப் பொருத்திய சில கைகளில் இருந்தது.

1990ஆம் ஆண்டு தொடக்கம் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையை அனுபவித்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் உண்டு. தடைசெய்யப்பட்ட பொருட்களுள் மின்கலங்களும் இருந்தன. மின்சாரமும் இல்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறக்கும் மின்னால் வானொலியை இயக்கி, பி.பி.சி. தமிழோசையைக் கேட்ட மக்கள் எம்மவர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். இடையில் டயோட்டுகளையும் கொள்ளளவியையும் இணைத்தாலன்றி அந்த மின் வானொலிக்கு உதவாது. பாடப்புத்தகத்தில் பரீட்சைக்காகப் படித்ததை, செய்தி கேட்கும் தேவை ஊரின் கைத்தொழிலாக மாற்றியது. தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் நின்றுவிட்டது. அதைக் கேட்பதற்காக எம்மவர் கற்ற கைவேலையும் அதனுடன் நின்றுவிட்டதோ என்றே எண்ணத் தோன்றுகிறது. அன்று டைனமோ சுழற்றியவர்களின் பிள்ளைகள் இன்று கணனித்துறையில் உயர்பதவிகள் வகிக்கின்றனர். ஆனால் தமது மடிக்கணனியின் அடிமூடியைக் கழற்ற அஞ்சுகின்றனர்.

பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கினால் போயிற்று என்பவர்களுக்கு 2022ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டியுள்ளது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் 360 ரூபா வரை உயர்ந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் ஒருபுறம், விலையேற்றம் மறுபுறம். நேற்று வாங்கக்கூடியதாக இருந்த மடிக்கணனி ஒரே காலாண்டில் எட்டாக்கனியாயிற்று. அந்நாட்களில் பழைய கணனியை ஓடவைக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்திருந்தால், அது எத்தனை மாணவர்களுக்கு உதவியிருக்கும்!

இது இலங்கையின் பிரச்சினை மட்டுமன்று. 2022ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்னணுக் கழிவின் அளவு 62 மில்லியன் தொன் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. எமது லாச்சிகளில் உறங்குபவை அந்த மலைக்குச் செல்லக் காத்திருக்கும் கற்கள்.

கழிவையும் காசையும் விடப் பெரியதொன்று இங்கே பணயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மடிக்கணனி ஒருநாள் உயிர்பெற மறுத்தது. மறைந்த கணவரின் கடைசிக்காலப் படங்கள் யாவும் அதில்தான் இருந்தன. கொண்டுசென்ற கடையில், தாய்ப்பலகை செத்துவிட்டது, புதியது வாங்குங்கள், உள்ளே இருந்தவற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். உயர்தரம் படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி அவரது வீட்டுக்கு வந்து, ஒரு திருப்புளியால் பன்னிரண்டு திருகாணிகளைக் கழற்றி, உள்ளிருந்த வன்தட்டை வெளியே எடுத்து, சிறிய இணைப்புக் கம்பியொன்றால் வேறொரு கணனியில் பொருத்தினாள். படங்கள் யாவும் பத்திரமாக இருந்தன. கணனி செத்ததென்றால் அதன் நினைவகமும் செத்ததென்று பொருளில்லை. இந்த ஒரு செய்தியை அறியாததால் எம்மவர் இழந்த படங்களும் கடிதங்களும் எத்தனையோ! போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு அல்பங்களைப் பறிகொடுத்த எமக்கு, மிஞ்சிய படங்களை இப்படியும் இழப்பது நியாயமா?

எனவே பெட்டிக்குள் என்னென்ன வேண்டுமென்று பார்ப்போம்.

முதலிடம் திருப்புளிக்கே. கடைகளில் 'ஸ்டார்' என்று கேட்டு வாங்கும் சிலுவைத் தலைத் திருகாணி, அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்று உலகெங்கும் பரப்பியது. மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளின் வேகத்துக்கு அது நன்கு பொருந்தியது. ஆனால் அதற்கொரு குணம் உண்டு. பலம் கூடினால் திருப்புளியின் முனை தானாக மேலெழுந்து வழுக்கிவிடும். வழுக்கும்போது தலை தேயும். தேய்ந்த தலை பின்னர் எதற்கும் அசையாது. ஆகவே திருகுவதைக் காட்டிலும் நேராக அழுத்திப் பிடிப்பதே முக்கியம். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய ஜப்பானியக் கமெராக்களிலும் ஒலிப்பதிவுக் கருவிகளிலும் உள்ள சிலுவைத் தலை, பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், ஜப்பானின் தரநிர்ணயப்படி சற்று வேறுபட்டது. அதன் தலையில் சிறு புள்ளியொன்று காணப்படுவது வழக்கம். சாதாரண பிலிப்ஸ் முனையால் அதைத் திருகினால் தலை சிதைவது பெரும்பாலும் உறுதி.

அளவுகளை எண்களால் குறிப்பர். மேசைக் கணனிப் பெட்டியின் திருகாணிகளுக்கு 2ஆம் இலக்கமும், அதிலும் சிறியவற்றுக்கு 1ஆம் இலக்கமும், மடிக்கணனியின் அடிமூடிக்குப் பெரும்பாலும் 0 இலக்கமும் பொருந்தும். கையடக்கத் தொலைபேசிகளுக்கு 00, 000 என்று பூச்சியங்கள் கூடக்கூட முனை சிறுத்துச் செல்லும். சரியான முனையை அறிவதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. திருகாணித் தலையில் முனையை வைத்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் அது உரிய முனையன்று. இவற்றுடன் தட்டை முனையுள்ள சிறியது ஒன்றும், 1967இல் அமெரிக்க நிறுவனமொன்று அறிமுகப்படுத்திய டோர்க்ஸ் எனும் ஆறுமுனை நட்சத்திர வகையில் 5, 6, 8ஆம் இலக்கங்களும் இருந்தால், வீட்டிலுள்ள பெரும்பாலான பொருட்களைத் திறந்துவிடலாம்.

எல்லாவற்றையுமல்ல, பெரும்பாலானவற்றை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் அப்பிள் நிறுவனம் தனது மடிக்கணனியொன்றின் மின்கலத்தைப் பொருத்த ஐந்து இதழ்ப் பூப்போன்ற தலையுள்ள திருகாணியைப் பயன்படுத்தியது. அடுத்து வந்த ஐபோன் 4இன் வெளிப்புறத்திலும் அதே பூ பூத்தது. அக்காலத்தில் அதற்குரிய முனை சாதாரண கடைகளில் கிடைக்கவில்லை. சிலுவைத் தலை செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. பின் எதற்காக அது? பாவனையாளரை உள்ளே விடாதிருப்பதற்கு என்றே நான் விடை காண்கிறேன். ஆனால் பூட்டுச் செய்தவன் இருந்தால் திறப்புச் செய்பவனும் இருப்பான். கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர் இருவர், தமது மடிக்கணனியைத் திருத்த வழிகாட்டி நூல் கிடைக்காததால் 2003இல் தொடங்கிய ஐஃபிக்சிற் நிறுவனம், அந்த முனையைச் செய்து விற்றது. ஆயிரக்கணக்கான கருவிகளைத் திறக்கும் முறைகளைப் படங்களுடன் இலவசமாகவும் வெளியிட்டு வருகிறது. இன்று அந்த ஐயிதழ் முனையை மலிவாகவே வாங்கலாம்.

அடுத்தது திறக்கும் கருவிகள். இக்காலப் பொருட்களில் திருகாணிகளைக் கழற்றியபின்னும் மூடி அசையாது. பிளாஸ்திக் கொளுக்கிகள் அதை இறுகப் பிடித்திருக்கும். அங்கே திருப்புளியின் உலோக முனையைச் செருகி நெம்புவதுதான் எம்மவர் வழக்கம். மூடி உடைவதும், உள்ளே ஓடும் நாடாக்கம்பி அறுவதும் அதனால்தான். கிற்றார் வாசிப்போர் பாவிக்கும் பிளாஸ்திக் மீட்டி இரண்டும், காலாவதியான வங்கி அட்டை ஒன்றும் இந்த வேலைக்குப் போதும். பசையால் ஒட்டப்பட்டிருந்தால் தலைமயிர் உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடுகாட்டலாம்.

கூர்முனைச் சாவணம், பக்கவெட்டுக் குறடு, மென்மயிர்த் தூரிகை, உருப்பெருக்குக் கண்ணாடி, தலையில் அணியும் சிறு விளக்கு ஆகியன அடுத்த வரிசை. ஒரு பழைய முட்டைத் தட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம்! திறந்த பொருளை மீளப் பூட்ட முடியாமற் போவதற்குப் பெருங்காரணம் திருகாணிகள் கலந்துவிடுவதே. நீளமானதைக் குட்டையானதற்குரிய துளையில் திருகினால் அது கீழேயுள்ள சுற்றுப்பலகையைத் துளைத்துப் பொருளையே கொன்றுவிடும். தாளொன்றில் பொருளின் உருவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொரு திருகாணியையும் ஒட்டுநாடாவால் ஒட்டிவைப்பது இன்னும் நல்லது. ஒவ்வொரு படியிலும் தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டால் மறதிக்கு இடமேயில்லை.

ஆசிரியையின் வீட்டில் உதவிய இணைப்புக் கம்பியையும் மறக்கக்கூடாது. வன்தட்டை யூ.எஸ்.பி. வாயிலில் பொருத்தும் அந்தக் கம்பி விலை குறைந்தது. ஆனால் பெட்டியிலுள்ள எல்லாவற்றிலும் பெறுமதி மிக்கது. மடிக்கணனியின் இரண்டரை அங்குல வன்தட்டு அதனாலேயே இயங்கும். மேசைக் கணனியின் மூன்றரை அங்குலத் தட்டுக்குத் தனி மின்வழங்கி வேண்டும். புதிய சில மடிக்கணனிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு ஒன்றாகவே பற்றாசு வைக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்ற வழியில்லை. அத்தகையதை வைத்திருப்போர் படங்களின் பிரதிகளை வேறிடத்தில் சேமிப்பதை இன்றே தொடங்க வேண்டும்.

மூன்றாவது, பல்மானி. மல்ரிமீற்றர் என்றால் கடைக்காரருக்கு விளங்கும். பிரித்தானிய அஞ்சல் திணைக்களப் பொறியியலாளர் டொனால்ட் மக்காடி, ஓட்டத்துக்கொன்று, அழுத்தத்துக்கொன்று, தடைக்கொன்று எனப் பல மானிகளைச் சுமந்து திரிவதில் சலிப்புற்று, மூன்றையும் ஒன்றாக்கிய அவோமானி 1923இல் சந்தைக்கு வந்தது. இன்றைய எண்மானி அதன் பேரப்பிள்ளை. மடிக்கணனி இயங்கவில்லையா? முதலில் மின்னேற்றியின் நுனியில் அளந்து பாருங்கள். அதன் முதுகில் 19 வோல்ட் என்று எழுதியிருக்க, மானி பூச்சியம் காட்டினால் பழுது கணனியில் இல்லை. மேசைக் கணனி தினமும் திகதியை மறக்கிறதா? தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலத்தை அளவுங்கள். சி.ஆர். 2032 எனும் அந்த 3 வோல்ட் மின்கலம் தேய்ந்திருக்கும். சிறு பணத்தில் புதியதை இட்டால் காரியம் முடிந்தது. 1990களின் இறுதி தொடங்கி 2000களின் நடுப்பகுதி வரை உற்பத்தியான பல தாய்ப்பலகைகளில் கொள்ளளவிகள் வயிறு வீங்கிச் செத்தன. அவற்றைக் காண மானிகூட வேண்டாம், கண்ணே போதும்.

பழுதைத் தானே திருத்த முடியாவிட்டாலும், பழுது எங்கே என்று அறிந்தவர் ஏமாற்றப்படுவது அரிது. "தாய்ப்பலகை போய்விட்டது" என்று கடையில் சொன்னால், "மின்வாயிலில் வோல்ட்டளவு வருகிறதா என்று பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்கலாம். அந்த ஒரு கேள்வி கடைக்காரரின் குரலையே மாற்றிவிடும். பல்மானியில் ஒரு எச்சரிக்கை மட்டும்: ஓட்டம் அளக்கும் துளையில் கம்பியைச் செருகியபடி அழுத்தம் அளக்கப் புகுந்தால் அது குறுக்குச் சுற்றாகும். மலிவு மானியைக் கொண்டு சுவரிலுள்ள 230 வோல்ட்டைத் தொடவே வேண்டாம்.

பற்றாசுக்கோல், அதாவது சோல்டரிங் அயன், கடைசியாகச் சேர வேண்டியது. முதல் நாளிலேயே அதை வாங்கி விலையுயர்ந்த பலகையில் கைவைப்பது, நீந்தத் தெரியாதவன் கடலில் இறங்குவது போன்றது. எறியவேண்டிய பழைய பலகையில் ஒரு மாதம் பழகுங்கள். ஈயமும் வெள்ளீயமும் 63க்கு 37 என்ற விகிதத்தில் கலந்த பற்றாசில் வெள்ளீயமே 63 பங்கு. அது 183 பாகை செல்சியசில் உருகும். 2006 யூலை முதலாம் திகதி ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின் உற்பத்தியாகும் பெரும்பாலான பலகைகளில் உள்ள ஈயமற்ற பற்றாசுக்கு 217 பாகைக்கு மேல் வேண்டும். எனவே வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய கோலே நல்லது. குங்கிலியப் பசை உள்ளடங்கிய பற்றாசை மட்டுமே பாவியுங்கள். நீர்க்குழாய் வேலைக்குரிய அமிலப் பசை செப்புத் தடங்களை அரித்துவிடும். யன்னலைத் திறந்துவைத்து வேலை செய்வதும், முடிந்ததும் கை கழுவுவதும் கட்டாயம்.

எமது தட்பவெப்பத்துக்கென்று சில சேர்க்கைகள் உண்டு. கரையோர ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். மின்னேற்றிகளுக்குள் எறும்பு குடியேறும். பல்லி உள்ளே மாய்ந்து குறுக்குச் சுற்றாகும். தூரிகையும், தண்ணீர் கலப்புக் குறைந்த, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் மதுசாரமும் இவற்றுக்கு மருந்து. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்து இடிமின்னல் இணைய இணைப்புக் கருவிகளைப் பலியெடுப்பதை அறிவோம். அதற்கு எந்தப் பெட்டியிலும் மருந்தில்லை. செருகியைக் கழற்றி வைப்பதே வழி. குளிர்நாடுகளில் வாழ்வோருக்கு வேறொரு பகை. மாரிகாலத்தின் உலர்ந்த காற்றில் உடலில் சேரும் நிலைமின் நுண்சில்லுகளைக் கொல்லும். தடை பொருத்திய மணிக்கட்டுப் பட்டி ஒன்று அவர்களின் பெட்டியில் இருக்க வேண்டும்.

இத்தனையும் எதற்கு, நூற்றுப்பத்துத் துண்டுகள் கொண்ட ஆயத்தப் பெட்டி சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பம்பலப்பிட்டிக் கணனிக் கடைகளிலும் நானும் பார்த்திருக்கிறேன். நூற்றுப்பத்தில் நீங்கள் பாவிக்கப்போவது பத்து. அந்தப் பத்தும் மென்னிரும்பாக இருந்தால், முதல் இறுகிய திருகாணியிலேயே முனை உருண்டுவிடும். உருண்ட முனை திருகாணித் தலையையும் சேர்த்துச் சிதைக்கும். பத்து நல்ல கருவிகளுக்குக் கொடுக்கும் பணம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அவை பிள்ளைகளுக்கும் உதவும். அதைவிட, ஒவ்வொரு பழுதும் ஒரு புதிய கருவியைக் கேட்கும்போது, அக்கருவியின் வேலையையும் சேர்த்தே கற்கிறோம். ஆயத்தப் பெட்டி வாங்கியவரிடம் கருவிகள் இருக்கும். சேர்த்துக் கட்டியவரிடம் கருவிகளோடு அறிவும் இருக்கும்.

எதைத் திறக்கக்கூடாது என்பதை அறிவதும் அந்த அறிவின் பகுதிதான். நுண்ணலை அடுப்பையும் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியையும் வீட்டில் திறக்கவே கூடாது. செருகியைக் கழற்றிய பின்னும் உயிரைக் குடிக்கும் மின் அவற்றுள் தங்கியிருக்கலாம். மேசைக் கணனியின் மின்வழங்கிப் பெட்டியும் அத்தகையதே. 230 வோல்ட் ஆடலோட்டம் நேரோட்டமாகும்போது அங்கே 320 வோல்ட்டுக்கு மேல் சேமிக்கப்படுகிறது. அதைத் திருத்த முயலாது முழுமையாக மாற்றிவிடுங்கள். வீங்கிய லிதியம் மின்கலத்தைக் குத்தவோ வளைக்கவோ கூடாது, தீப்பற்றக்கூடும். வன்தட்டின் உள்மூடியைத் திறந்தால், நுழையும் தூசி ஒன்றே தரவுகளை அழிக்கப் போதும். துணிவும் அவதானமும் ஒன்றாகச் செல்லாவிட்டால் துணிவு மடமையாகிவிடும்.

எல்லோரும் தாமே திருத்தத் தொடங்கினால் திருத்துநர்களின் பிழைப்பு என்னாவது என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் கைமருந்து தெரிந்திருப்பதால் வைத்தியர் வேலையிழப்பதில்லை. பழுதை ஓரளவு விளக்கிச் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளருக்கே நல்ல திருத்துநரின் திறமை புரியும். அவருக்குரிய கூலியையும் அவர் முகங்கோணாமல் கொடுப்பார். வாடிக்கையாளரின் அறியாமையில் பிழைப்பவருக்கே நட்டம். அந்த நட்டத்துக்காக நாம் வருந்த வேண்டியதில்லை.

உலகமும் இத்திசையில்தான் நகர்கிறது. 2022 டிசம்பரில் நியூயோர்க் மாநிலம் மின்னணுப் பொருட்களைத் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கியது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய பணிப்புரை, உறுப்பு நாடுகள் திருத்தும் உரிமையை நடைமுறைப்படுத்தும் நாளாக 2026 யூலை 31ஐ விதித்தது. கையிற் கொண்டு செல்லும் கருவிகளின் மின்கலங்களைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியவாறு அமைக்க வேண்டுமென்ற ஒன்றியத்தின் சட்டவிதிக்கு, சில விலக்குகளுடன், 2027 பெப்ரவரி 18 தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. ஆனால் சட்டம் கதவைத் திறந்தாலும் நடப்பது நாம்தான். 2022இல் அப்பிள் நிறுவனம் அமெரிக்கப் பாவனையாளருக்குத் திருத்தும் கருவிகளை வாடகைக்குத் தர முன்வந்தபோது, கேட்டவர் வாசலுக்கு வந்திறங்கியவை இரண்டு பெரும் பெட்டிகள்; மொத்த எடை 79 இறாத்தல்! ஒரு தொலைபேசியின் மின்கலத்தை மாற்றத்தான் இத்தனையும். சாதாரண மனிதரின் கைக்கு அடங்கும் பெட்டியால் திறக்கக்கூடிய பொருட்களைச் செய்யுங்கள் என்று கேட்பதே உண்மையான உரிமைக்குரல். பொருள் வாங்கும்போதே, இதன் மின்கலத்தை மாற்றலாமா, மூடி திருகாணியில் நிற்கிறதா பசையில் நிற்கிறதா என்று கடையில் கேட்கும் வழக்கம் எம்மிடையே வரவேண்டும்.

நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரில் 2009இல் தொடங்கிய 'திருத்தும் தேநீரகம்' என்ற முயற்சியில், ஊரவர் பழுதான பொருட்களைக் கொண்டுவர, கைவேலை தெரிந்தவர்கள் அருகிருந்து திருத்தக் கற்றுக்கொடுத்தனர். இன்று அது பல நாடுகளில் பரவியுள்ளது. எமக்கு அதற்கெனப் புதிய கட்டடம் வேண்டாம். எமது ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் உள்ளன. பத்திரிகை வாசிக்க நீளமேசை போட்ட அதே இடத்தில், மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு பொதுக் கருவிப்பெட்டியைத் திறந்து வைத்தால் என்ன? உயர்தர மாணவர்களும், முன்னொரு காலத்தில் வானொலி திருத்திய பெரியவர்களும் ஒரே மேசையில் அமரட்டுமே. பெண்பிள்ளைகளை அந்த மேசைக்குக் கட்டாயம் அழைக்க வேண்டும். ஆண்பிள்ளைக்குத் திருப்புளியும் பெண்பிள்ளைக்குத் துடைப்பமும் என்ற பாகுபாட்டை இந்த மேசையிலாவது ஒழிப்போம்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பொதியில் இன்னொரு புதிய தொலைபேசிக்குப் பதிலாக, தரமான முனைகள் கொண்ட திருப்புளித் தொகுதி ஒன்றையும், ஒரு பல்மானியையும், வன்தட்டு இணைப்புக் கம்பியையும் வைத்து வாருங்கள். கருவிகளை விமானத்தின் சரக்குப் பொதியில் இடுங்கள். உதிரி லிதியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். ஊர்ச்சங்கங்கள் தமது சனசமூக நிலையத்துக்கு ஒரு முழுப் பெட்டியை அன்பளிப்புச் செய்யலாம். திறப்புவிழாக் கல்வெட்டுக்கும் பொன்னாடைகளுக்கும் ஆகும் செலவில் அது அடங்கும். திறப்பு மட்டும் தலைவரின் வீட்டில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் ஒரு திருப்புளி, அடுத்த மாதம் ஒரு பல்மானி, அதற்கடுத்து ஓர் இணைப்புக் கம்பி. இவ்வளவில் தொடங்கலாம். லாச்சியில் உறங்குபவற்றுள் எறிய ஏற்கெனவே முடிவு செய்த ஒன்றைத் தெரிவு செய்து, அதை முதலில் திறந்து பாருங்கள். அது உயிர்பெறாமற் போகலாம். ஆனால் அடுத்த பொருளைத் திறக்கும்போது உங்கள் கை நடுங்காது.